இரண்டு முழங்கால்கள் குறித்த நாள்

எங்கள் ஊர்த் தேவாலயத்தின் வாசற்கல்லில் ‘ஆண்டவரின் சித்தப்படி இந்நாளில் திறக்கப்பட்டது’ என்று பொறித்திருக்கிறார்கள். அவர் சித்தம் இல்லாமல் எது நடக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாள்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவை இரண்டு முழங்கால்கள். ஒன்று நோனுமாலோவின் வலது. இன்னொன்று தாலியாவின் இடது.

இதை வெளியே சொல்வதில்லை என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். பிறகு அவர்களே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டார்கள். என் சத்தியம் தானாகக் கழன்றுகொண்டது. அதனால் நீங்கள் நிம்மதியாகக் கேட்கலாம், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள். பாயின் ஓரத்தை இழுத்துப் பாதத்தின் மேல் போட்டுக்கொண்டால் போதும், யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை.

நோனுமாலோவும் தாலியாவும் எங்கள் ஊரின் பேச்சாளர்கள். கோலும் தேங்காய்நார்ச் சாமரமும் பிடிக்கிற உரிமை உள்ள பட்டக்காரர்கள். வெளியூரிலிருந்து விருந்தாளிகள் கூட்டமாக வந்தால் ஊர்த்திடலில் நின்று ஊரின் சார்பாக ஒருவர்தான் பேச வேண்டும். அது யார் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லிவைப்பதில்லை. கோல் பிடித்தவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். “நீங்கள் பேசுங்கள்” என்பார் ஒருவர். “ஐயோ, நீங்கள் இருக்கும்போது நானா?” என்பார் இன்னொருவர். ஒருவர் பரம்பரையை மற்றவர் புகழ்ந்து புகழ்ந்தே கழுத்தை அறுப்பார்கள். விட்டுக்கொடுத்தவர் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். கடைசியில் நிற்பவர் வாய்தான் அன்றைக்கு ஊரின் வாய். ‘விட்டுக்கொடுத்தேன்’ என்று வாயால் சொன்னால் மட்டும் செல்லாது. உட்கார்ந்தால்தான் செல்லும்.

நோனுமாலோவின் அப்பாவுக்குத் திக்குவாய். நல்ல மனிதர், ஆனால் திடலில் எழுந்த வேகத்தில் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார். அவர் கட்டிக்கொண்டு வந்தது உப்போலுத் தீவில் இருக்கிற வைலோதோ ஊர்ப் பெண்ணை. கல்யாணத்துக்கு வந்த வைலோதோக்காரர்கள் திரும்பிப் போகும்போது, “ஊமை வீட்டுக்குப் பொண்ணைக் குடுத்துட்டோமே” என்று கப்பல் ஏறினார்களாம். அந்தச் சொல்லைத் தன் காதால் கேட்டவள் அந்தப் பெண். மகன் பேச ஆரம்பித்து, நன்றாகவே பேசி, பட்டமும் வாங்கிய பிறகும் அவளுக்கு ஒரே ஆசைதான். தன் ஊர்க்காரர்கள் ஒருமுறை இந்தத் திடலுக்கு வர வேண்டும், தன் மகன் அவர்களுக்கு முன்னால் நின்று பேச வேண்டும். அவள் இருந்தவரை அவர்கள் வரவில்லை.

தேவாலயம் கட்டி முடிந்தபோது, திறப்புக்கு வைலோதோ ஊரே பாடகர் குழுவோடு கப்பலேறி வருவதாகச் சொல்லி அனுப்பியது. நோனுமாலோவுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் மனைவி அபௌலா என்னிடம் சொன்னாள். அவர் தட்டில் சாப்பாடு மிஞ்சுவது அதிசயம், அதனால்தான் சொன்னாள்.

சிக்கல் முழங்காலில் இருந்தது. வாலிபத்தில் ரக்பி விளையாடியது, தோட்டத்து மேட்டில் கிழங்குக் கூடை சுமந்தது, பிறகு உடம்பே ஒரு கூடையாகிப் போனது என்று எல்லாம் சேர்ந்து வலது மூட்டு தேய்ந்துவிட்டது. சம்மணம் போட்டால் எழ முடியாது. எழுந்தால் நிற்க முடியாது. எண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், இலை சுட்டு ஒத்தினார்கள், மாத்திரை விழுங்கினார். முந்தின இரண்டு விருந்துகளிலும் தாலியாவ் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் இவர் விட்டுக்கொடுத்து உட்கார்ந்துவிட்டார். பெருந்தன்மை என்று ஊர் நினைத்தது. “பெருந்தன்மையாவது! வலி தாங்கலை அந்த மனுஷனுக்கு” என்றாள் அபௌலா.

எங்கள் மாதர் சங்கக் கூடத்துக்குத் தலைநகர் ஆப்பியாவிலிருந்து டாக்டர் மரேதா வந்து போவார். சவாயீத் தீவின் இந்தக் கோடிக்கு மூட்டு பார்க்கிற டாக்டர் வருவது பெரிய விஷயம். கூடத்தின் மூலையில் இரண்டு படுக்கை விரிப்பைக் கயிற்றில் போட்டுத் திரை கட்டுவது என் வேலை. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே உட்கார வைப்பது என்பதும் என் வேலைதான். திரை துணியால் ஆனது. காது எனக்கு நன்றாகக் கேட்கும். மற்றதை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

நோனுமாலோ பின்பக்கமாக, வாழைத்தோப்பு வழியாக வந்தார்.

“ரத்த அழுத்தம் பாக்க வந்தேன்” என்றார் என்னிடம்.

“பாக்கலாம். எந்த முட்டியில ரத்த அழுத்தம்?” என்றேன்.

முறைத்தார். பிறகு வலது முட்டியைத் தொட்டுக் காட்டினார். “அக்கா, இது உங்க வாயை விட்டு வெளிய போகக் கூடாது. முக்கியமா அந்தத் தாலியாவுக்கு.”

டாக்டர் மரேதா நல்ல உயரமும் பருமனுமான பெண். சிரித்தால் திரை ஆடும். மூட்டை அமுக்கிப் பார்த்தார், மடக்கி நீட்டினார், உள்ளே கறகறவென்று சத்தம் வருகிறதா என்று கேட்டார்.

“சத்தமா? காப்பிக் கொட்டை அரைக்கிற மாதிரி வருது” என்றார் நோனுமாலோ.

“சரி. ஊசி போடலாம், மூட்டுக்குள்ளேயே. முதல்ல உள்ள தேங்கியிருக்கிற தண்ணியக் கொஞ்சம் எடுத்துடுவேன். அப்புறம் மருந்து. வீக்கத்தை அடக்கும், வலியைக் குறைக்கும்.”

“முட்டி புதுசாயிடுமா?”

“தேஞ்சது தேஞ்சதுதான் ஐயா. கத்துற குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி. குழந்தை வீட்டை விட்டுப் போயிடாது.”

“எவ்வளவு நாள் தூங்கும்?”

“சிலருக்கு ஒரு மாசம், சிலருக்கு ரெண்டு மூணு மாசம். சிலருக்குக் கண்ணே மூடாது. திரும்பத் திரும்பவும் போட முடியாது, நடுவுல மூணு நாலு மாசம் விடணும். அதிகமாப் போட்டா இருக்கிற கொஞ்ச மூட்டும் கெட்டுப்போகும்.”

உள்ளே மாதங்களின் பேரை முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. மனிதர் கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஊசியைப் பார்த்திருக்கிறார்.

“இது... இது எங்க போகும்?”

அவர் இடுப்பிலிருந்து முழங்கால் வரை முழுப் பச்சை குத்திக்கொண்டவர். அதைக் குத்தியபோது, எலும்புச் சீப்பை வைத்துச் சுத்தியலால் தட்டத் தட்ட, பல நாள் படுத்த படுக்கையாய்க் கிடந்து ஒரு முனகல் கூட விடாதவர் என்று ஊரில் பேர். அப்படிப்பட்டவர் இப்போது டாக்டரிடம் கேட்கிறார்: “டாக்டரம்மா, கோடு எதுவும் கலைஞ்சிடாதே? முட்டிக்கிட்ட வர்ற கடைசிக் கோடு எங்க தாத்தா வீட்டுக் கோடு.”

“கோட்டுக்கு வெளியே பக்கவாட்டுலதான் குத்துவேன். உங்க தாத்தாவுக்கு ஒண்ணும் ஆகாது. மூச்சை இழுத்து விடுங்க.”

அதற்கப்புறம் கேட்ட சத்தத்தைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். கூடத்து வாசலில் படுத்திருந்த பன்றி எழுந்து ஓடியது, அவ்வளவுதான்.

“ரெண்டு நாள் மேடேறக் கூடாது, சுமக்கக் கூடாது, ஓடக் கூடாது. வலி போயிடுச்சேன்னு ஆடினா மறுபடி வீங்கும்” என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். நோனுமாலோ வந்த வழியே வாழைத்தோப்புக்குள் போய் மறைந்தார். அவர் முதுகு மறைந்ததும் முன்வாசலில் ஒரு குடை வந்து நின்றது. குடைக்குக் கீழே தாலியாவ்.

“காது கொஞ்சம் அடைக்குது” என்றார்.

“எந்த முட்டியில?” என்றேன்.

“இடது” என்றார், யோசிக்காமல். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அக்கா, ஒரு சத்தியம் பண்ணணும். அந்த நோனுமாலோவுக்கு மட்டும் இது தெரிஞ்சிடவே கூடாது.”

பண்ணினேன். என்ன செய்ய? ஒரே நாளில் இரண்டாவது சத்தியம். தாலியாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஊசி போட்டால் ஒரு வாரம் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள், இனிப்பைத் தொடாதீர்கள் என்றார் டாக்டர். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தவர், தாய்மார்களுக்கு வைத்திருந்த தட்டிலிருந்து தேங்காய் ரொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போனார்.

அடுத்த திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். தேவாலயத் திறப்புக்கு நாள் குறிக்க வேண்டும். ஊரின் பெரிய தலைவருக்கு அது டிசம்பரில் நடக்க வேண்டும். அவர் பிள்ளைகள் ஆக்லாந்திலிருந்து அப்போதுதான் வருவார்கள். பெரியவர் சொன்னால் அனேகமாக எல்லாரும் தலையாட்டுவார்கள். சுவரில்லாத கூட்டக் குடிலில் அவரவர் தூணில் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பெண்கள் பக்கத்துக் குடிலில் பாய் முடைந்துகொண்டிருந்தோம், காதை அங்கே வைத்துவிட்டு.

நோனுமாலோ தொண்டையைக் கனைத்தார். “பெரியவர் வாக்கு எங்க தலைக்கு மேல. ஆனா ஒரு சின்ன விஷயம் கேக்கறேன். டிசம்பர்ல மழை வராம எந்த வருஷமாவது இருந்திருக்கா? திடல் சேறாகிக் கிடக்கும்போது வைலோதோ வந்து எங்க நிக்கும்? இப்ப சீமைப்பலா காய்ச்சுத் தொங்குது. டிசம்பர்ல வௌவாலுக்குத்தான் விருந்து வைக்க முடியும். பன்றிகளைப் பாருங்க. இந்த மாசக் கடைசியில சரியான பருவம். டிசம்பர் வரைக்கும் தீனி போட்டா வெறும் கொழுப்புதான் மிஞ்சும். கட்டி முடிச்ச ஆண்டவர் வீட்டைப் பூட்டி வச்சுக்கிட்டு ஆக்லாந்து விமானத்துக்காகக் காத்திருக்கிறது அவருக்கே பிடிக்குமா? இந்த மாசக் கடைசிச் சனிக்கிழமை வச்சுக்குவோம்.”

பன்றி, பலா, மழை, ஆண்டவர். வாயிலிருந்து வந்தது அவ்வளவும். ஆனால் பேசியது முட்டி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அபௌலா என் தொடையில் கிள்ளினாள்.

இனி தாலியாவ் எழுந்து மறுப்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அதுதானே வழக்கம். நோனுமாலோ வெயில் அடிக்கிறது என்றால், குடையைக் கொண்டு வா என்கிறவர் தாலியாவ். முப்பது வருஷமாக அப்படித்தான்.

தாலியாவ் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். “நோனுமாலோ சொல்றது சரி” என்றார்.

ஆவா என்கிற வேர்ப் பானத்தைப் பரிமாறிக்கொண்டிருந்த பையன் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

“டிசம்பர் வேண்டாம்” என்று தாலியாவ் தொடர்ந்தார். “நான் சொல்றேன், இன்னும் ஒரு வாரம் முன்னாடியே கூட வைக்கலாம்.”

நோனுமாலோ தலையைத் திருப்பித் தாலியாவைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். தாலியாவின் இடது கால் வழக்கத்தை விட அழகாக மடிந்திருந்தது. தாலியாவும் நோனுமாலோவின் வலது காலைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

பெரியவர் அசந்துபோனார். இந்த இரண்டு பேரும் ஒத்துப்போகிற ஒரு விஷயத்தை யாரால் எதிர்க்க முடியும்? கடைசிச் சனிக்கிழமையே முடிவானது. அந்த ஞாயிறு போதகர் கண்ணீர் மல்கப் பிரசங்கம் செய்தார். சிங்கமும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகப் படுத்துக்கொண்டன என்றார். பெண்கள் வரிசையில் நாங்கள் எல்லாரும் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டோம். போதகர் நாங்கள் அழுகிறோம் என்று நினைத்தார்.

ஊசி போட்ட நாளிலிருந்தே நோனுமாலோ டாக்டர் சொன்னதைக் கேட்டார். அபௌலா கேட்க வைத்தாள் என்பதுதான் சரி. இரண்டு நாள் பாயை விட்டு இறங்க விடவில்லை. அதற்கப்புறம் மெல்ல நடந்தார். டாக்டர் சொன்னபடி சுவரில் சாய்ந்து தொடையை இறுக்கிப் பயிற்சி செய்தார். வலி அடங்கிய சந்தோஷத்தில் தினமும் பன்றிகளுக்குத் தீனி போடும்போது உரையை ஒத்திகை பார்த்தார். நீளமான உரை. வைலோதோவின் பட்டங்கள், முன்னோர்கள், இரண்டு ஊருக்கும் நடுவிலிருக்கிற கடல், எல்லாம் அதில் இருந்தன. நடுவில் ஒரு பகுதி, ‘ஊமை வீடு’ என்று சொன்னவர்களுக்கான பதில். அதை மட்டும் சத்தமாகச் சொல்வார். பன்றிகள் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

“அந்த இடத்துல கொஞ்சம் உப்பைக் குறைங்க” என்று அபௌலா சொல்லிப் பார்த்தாள்.

“குறைக்க மாட்டேன். எங்கம்மா நாப்பது வருஷம் முழுங்கின சொல்லு அது. வைலோதோக்காரங்க முன்னாடியே அதைத் துப்பிட்டுத்தான் உட்காருவேன்.”

தாலியாவ் கதை வேறு. வலி போனதும் முட்டி புதிதாகிவிட்டது என்று அவர் தீர்மானித்துவிட்டார். ஊசி போட்ட மறுநாளே மேட்டுத் தோட்டத்துக்கு ஏறி, இரண்டு பக்கமும் கிழங்குக் கூடை தொங்குகிற காவடிக் கம்பைத் தோளில் வைத்து, ஊர் நடுவில் எல்லாரும் பார்க்கும்படி இறங்கி வந்தார். அடுத்த வாரம் ஊர்க் கிரிக்கெட்டில் மட்டையும் பிடித்தார். பந்து தென்னந்தோப்புக்குள் போனது. இவர் ஓடினார். அதைப் பார்த்த பிள்ளைகள், “ஐயா சின்னப் பையனாயிட்டாரு!” என்று கத்தின. அந்தச் சொல் அவருக்கு மருந்தை விட நன்றாக வேலை செய்தது. திறப்புக்கு இரண்டு நாள் முன்பு அவர் மனைவி என்னிடம் வந்து, காலையில் முட்டி கொஞ்சம் உப்பியிருக்கிறது என்றாள். டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன். கேட்டால்தானே.

சனிக்கிழமை வந்தது. வைலோதோ வெள்ளை உடையில் திடலின் கிழக்குப் பக்கத்தில், பந்தலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. எண்பதைத் தாண்டிய கிழவிகள் கூட வந்திருந்தார்கள். மேற்குப் பக்கம் எங்கள் ஊர். நடுவில் புல்லில் எங்கள் பேச்சாளர்கள் ஏழு பேரும் மேலாடை இல்லாமல், எண்ணெய் மினுக்கும் தோளில் சாமரமும் கையில் கோலுமாக எழுந்து நின்றார்கள். பெண்கள் பந்தல் அவர்களுக்கு நேர் பின்னால். அபௌலா என் பக்கத்தில்.

ஐந்து பேர் சீக்கிரமே விட்டுக்கொடுத்து உட்கார்ந்தார்கள். மிஞ்சியது இரண்டு பேர்.

“நோனுமாலோ ஐயா” என்று தொடங்கினார் தாலியாவ். “உங்க கோல் கடலையே பிளந்த கோல். என்னுது கோழி விரட்டுற குச்சி. ஆனா இந்தக் குச்சிக்கு இந்தத் திடல் பழகிப்போச்சு. வெயில் ஏறுது, நீங்க நிழல்ல உட்கார்ந்தா உங்க முகத்தைப் பாத்துக்கிட்டே நான் நல்லாப் பேசுவேன்.”

“தாலியாவ் ஐயா, உங்க வாய் தேன்கூடு. சர்க்கரைக்குத் தேன் ஆகாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. உங்க வாய்க்கு இன்னிக்கு ஓய்வு குடுங்க. வந்திருக்கிறது என்னைப் பெத்தவளோட ஊர்.”

இப்படியே போனது. ஒருவர் தாத்தாவை ஒருவர் தூக்கி வைத்தார், ஒருவர் கொள்ளுத்தாத்தாவை இன்னொருவர் இறக்கினார். வைலோதோ ரசித்துக் கேட்டது. வெயில் உச்சியைப் பார்த்து நகர்ந்தது. நோனுமாலோவின் வலது கால் பாறை மாதிரி நின்றது. தாலியாவின் இடது காலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முட்டி சீமைப்பலாக்காய் அளவுக்கு வந்துவிட்டது.

திடீரென்று தாலியாவ் கோலைத் தாழ்த்தினார். “சரி. தாய் ஊருக்கு மகன் பேசறதுதான் முறை. நோனுமாலோ பேசட்டும்.”

பெண்கள் பந்தலில் பெருமூச்சு விட்டோம். அபௌலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோனுமாலோ நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தார். தாலியாவ் உட்கார வேண்டும். உட்காரவில்லை. நின்றார். எல்லாரும் காத்திருந்தார்கள். இன்னும் நின்றார்.

நோனுமாலோ சாமரத்தை வாய்ப்பக்கம் கொண்டு போனார். அதற்குப் பின்னால் கிசுகிசுப்பது எங்கள் பந்தலுக்கு நன்றாகவே கேட்டது.

“உட்காருய்யா. விட்டுக்கொடுத்தாச்சுல்ல?”

“உட்கார்றேன்.”

“எப்ப? கப்பல் திரும்பிப் போன பிறகா? நான் மூச்சு விடுற நேரம் பாத்து நடுவுல நுழையலாம்னு பாக்கறியா?”

“மடங்கலைய்யா.”

“எது?”

“எதுவா? உனக்கு எங்க ஊசி போட்டாங்களோ அதேதான். எனக்கு இடது.”

நோனுமாலோ கீழே பார்த்தார். “அடப்பாவி. ரெண்டு நாள் சும்மா இருக்கச் சொல்லலையா அந்தம்மா?”

“உன்கிட்டயும் சொன்னாங்களா?”

“சொன்னாங்க. நான் இருந்தேன்.”

“உனக்கு அபௌலா இருக்கா. எனக்குக் கிரிக்கெட் இருந்துச்சு.”

“என் தோளைப் பிடிச்சுக்கிட்டு உட்காரு.”

“வைலோதோ பாக்க என்னைக் குழந்தை மாதிரி இறக்கி விடப்போறியா? எங்க அப்பா, தாத்தா எல்லாரும் நின்ன புல்லு இது. மாட்டேன்.”

“அப்ப விழு.”

“விழுந்தா சிரிப்ப.”

“கண்டிப்பா சிரிப்பேன்.”

அபௌலா என் கையைப் பிடித்து நெரித்தாள். நிலைமை புரிகிறதா? எதிரே இன்னொருவர் நிற்கிறவரை நோனுமாலோ வாயைத் திறக்க முறையில்லை. அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த ஊர் எதிரில் உட்கார்ந்து வாயைப் பார்க்கிறது. பொறுத்திருந்தால் போதும், தாலியாவ் தானாக விழுவார். விழுந்தால் பேச்சு நோனுமாலோவுக்கு. முப்பது வருஷக் கணக்கும் அதோடு தீரும். தாலியாவின் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கோல் மட்டும்தான் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

நோனுமாலோ அந்தத் தொடையைப் பார்த்தார். பிறகு சாமரத்தைத் தோளில் வீசிப் போட்டார். ஒரு அடி பக்கவாட்டில் வைத்துத் தாலியாவின் இடது பக்கம் நெருங்கி நின்றார், தோளோடு தோள் உரச. வெளியே பார்க்கிறவர்களுக்கு இரண்டு தென்னை மரம் சேர்ந்து நிற்கிற மாதிரி இருந்தது. தாலியாவ் சாய்ந்துகொண்டது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

“வைலோதோவே!” என்றார். குரல் கடற்கரை வரைக்கும் போயிருக்கும். “வர்ற விருந்தாளிக்கு ஒரு கோல் நிக்கும். அது எல்லா ஊருக்கும் உள்ளது. ஆனா இன்னிக்கு வந்திருக்கிறது என்னைப் பெத்த ஊர். உங்களுக்கும் ஒத்தைக் கோலை நட்டு வச்சு அனுப்புனா எங்க ஊருக்குத்தான் வெக்கம். அதனால இன்னிக்கு ரெண்டு கோல். ஒண்ணு பேசும். ஒண்ணு காவல் நிக்கும். எங்க ஊர்லயே உசத்தியான கோல்தான் காவலுக்கு நிக்குது, பாத்துக்குங்க!”

கிழக்குப் பந்தலில் சலசலப்பு எழுந்தது. இப்படி ஒரு மரியாதையை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. நாங்களும்தான் கேள்விப்பட்டதில்லை. அது அந்த நிமிஷம் பிறந்த வழக்கம். எங்கள் பெரியவர் மட்டும் ஆதி காலத்திலிருந்தே தெரிந்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

“மாலியே!” என்று கத்தினார் தாலியாவ். நன்றாகச் சொன்னாய் என்று பாராட்டுகிற குரல் அது. அடிக்குரலில் சேர்த்தார்: “சீக்கிரம்.”

உரை தொடங்கியது. வைலோதோவின் பட்டங்களை விட முடியாது, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் “மாலியே!” என்றார் தாலியாவ், முந்தினதை விடச் சத்தமாக. ஜென்ம விரோதி என்று பேர் வாங்கிய மனிதர் வரிக்கு வரி பாராட்டுவதைப் பார்த்துப் போதகர் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடலுக்கு வந்தார் நோனுமாலோ. “மாலியே!” தாலியாவின் நெற்றி வேர்வை தாடையிலிருந்து சொட்டியது. அம்மாவுக்கு வந்தார். “இந்தத் தீவுக்கு வந்த அன்னிக்கு அவ கையில ஒரு பாயும் ஒரு சட்டியும் இருந்துச்சு. பாய் கிழிஞ்சிடுச்சு. சட்டி இன்னும் எங்க வீட்ல இருக்கு.” இதற்கு “மாலியே” வரவில்லை. தாலியாவ் வாயைத் திறந்து மூடினார். அவருக்கும் அந்த அம்மா தன் கையால் சோறு போட்டிருக்கிறாள்.

அடுத்து வருவது அந்தப் பகுதி. பன்றிகளை நிறுத்திய பகுதி. எனக்கும் அபௌலாவுக்கும் மனப்பாடம். நோனுமாலோ மூச்சை இழுத்தார். அவர் தோளில் சாய்ந்திருந்த உடம்பு இலை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதி நீளம். எந்தப் பக்கம் சுருக்கினாலும் நீளம்.

“அவ ஊரு வந்திருச்சு” என்றார். “வாங்க. சாப்பிடுங்க. அவ வீடுதான் இது.”

அவ்வளவுதான். கோலைத் தாழ்த்தினார்.

ஒரு நொடி யாருக்கும் முடிந்தது என்று புரியவில்லை. அப்புறம் இரண்டு பந்தலும் சேர்ந்து கத்தின.

இப்போது வைலோதோ பதில் சொல்ல வேண்டும். மரியாதை கொடுத்தவருக்கு அதே மரியாதை திரும்பிப் போக வேண்டும் இல்லையா? இரண்டு கோலுக்கு இரண்டு கோல். அவர்களுடைய இரண்டாவது பேச்சாளர் நிழலில் சௌகரியமாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த கிழவர். கொழுத்த முட்டிகள். இரண்டு பேரன்கள் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் எங்கள் பக்கம் பார்த்த பார்வையில் தென்னை பட்டுப்போயிருக்கும். பதிலுரை அவ்வளவு சுருக்கமாக முடிந்து நான் எங்கேயும் கண்டதில்லை. கல் அடுப்பிலிருந்து எடுத்த பன்றி இலையில் விழுந்தபோது இன்னும் ஆவி பறந்தது. தாலியாவுக்கு ஞாயிறுப் பள்ளியிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. காவல் கோல் தரையில் உட்காரக் கூடாது என்று நோனுமாலோ அறிவித்துவிட்டார். ஊரும் நம்பியது. இரண்டு நாள் கழித்து டாக்டர் மரேதா வந்து அந்த முட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து, வாயாரத் திட்டிவிட்டு, அடுத்த ஊசிக்கு இன்னும் பல மாதம் என்று சொல்லிப் போனார். அது பிற்பாடு.

சாப்பாட்டு நேரத்தில் வைலோதோப் பெண்கள் பக்கமிருந்து ஒரு கிழவி விரலை மடக்கி நோனுமாலோவைக் கூப்பிட்டாள். அவர் அம்மாவின் தங்கை, பேர் பெலேனா. ஒரு தூணில் சாய்ந்து இரண்டு காலையும் நீட்டி மேலே பாயைப் போட்டிருந்தாள். கையில் தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு இலை.

“நீதான் பேசினியா?” என்றாள்.

“நான்தான் சித்தி.”

“எங்கண்ணன் உங்கம்மா கல்யாணத்துக்கு வந்துட்டுக் கப்பல் ஏறறப்ப ஒண்ணு சொன்னான். அவன் செத்துட்டான், விடு.” இலையை வாயில் போட்டு மென்றாள். “ஆனா நீ பேசினது என்னடா பேச்சு? உங்கம்மா ஒரு சட்டியைக் கழுவி வைக்கிறதுக்குள்ள இதைவிட நீளமாப் பேசுவாளே. வர்றதே வர்றோம், ரெண்டு மணி நேரம் கேக்கலாம்னு தலையணை எல்லாம் எடுத்துக்கிட்டு வந்தேன்.”

நோனுமாலோவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. நான் பக்கத்தில் கொக்கோ ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் மெல்ல, வலது காலைக் கவனமாக மடக்கி, அவள் எதிரில் பாயில் உட்கார்ந்தார்.

“மீதி இருக்கு சித்தி. இங்கயே சொல்லவா? கொஞ்சம் காரமா இருக்கும்.”

“சொல்லு, சொல்லு” என்றாள் பெலேனா, தலையணையை முதுகுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டு. “எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு. எழுந்து ஓடவா போறேன்?”